தட்டாமல் இறங்கியவர்

“ரெண்டு பேர்னு எழுது சிஸ்டரம்மா. ஒருத்தர்னு இருக்கிறதை அடிச்சுட்டு...”

“வந்தது ஒருத்தர்தானே அண்ணே, வராத ஆளுக்கு நான் எங்கேருந்து...”

“வராத ஆளா? என் முதுகுக்குப் பின்னாடிதான் உக்காந்திருந்தாங்க, பாலம் வர்ற வரைக்கும்...”

“கட்டில்ல படுத்துக்கினு தனியாத்தான் வந்தேன்னு சொன்னது யாரு? நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்.”

“சொன்னேன். பொய் சொன்னேன். அதைத்தாம்மா அடிக்கச் சொல்றேன்.”

கமலவேணி பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். குடியாத்தத்தில் விசைத்தறி ஓடுகிற வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். அந்த வீட்டில் தறிச் சத்தத்துக்கு மேலே குரல் எழுப்பித்தான் சோறு கேட்கவேண்டும். ஒருத்தர் பேசும்போதே ஊடே பேசுவதும், பேசிக்கொண்டே எதிராளி சொல்வதை ஒரு சொல் விடாமல் காதில் வாங்கிக்கொள்வதும் அவளுக்குக் கூடப்பிறந்தவை. ஆனால் பொய் சொன்னேன் என்று ஒரு மனுஷன் ரெக்கார்டு ரூம் ஜன்னலில் வந்து நின்று சொல்லி அவள் கேட்டதில்லை. பொய் சொல்லிவிட்டுப் போன பேர் எத்தனையோ. திருத்தவேண்டும் என்று திரும்பி வந்தவன் இவன் ஒருத்தன்தான்.

ஜன்னலுக்கு வெளியே நின்றவன் பெயர் கன்னியப்பன். துத்திப்பட்டு ரோட்டில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டுகிறவன். இடுப்பில் கைலி, கழுத்தில் துண்டு. இடது கையில் மாவுக்கட்டு பிரித்த இடம் வெளிறிப்போய், வேறு யாருடைய கையோ போல இருந்தது. சட்டை போட்டிருக்கவில்லை. கார்த்திகை மாசத்துக் காற்றில் உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்து நின்றும் துண்டைக்கூட முதுகுப் பக்கம் விடாமல் முன்னால் தொங்கவிட்டிருந்தான்.

ஆம்பூரில் அந்த ஆஸ்பத்திரிக்கு ரெக்கார்டு ரூம் என்று தனியாக ஒன்று வந்தே ரொம்ப நாள் ஆகவில்லை. வீட்டுக்குப் போகிற நோயாளியின் கேஸ் ஷீட் கமலவேணியிடம் வரும். தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டி என்ன வியாதியோ அதற்குரிய எண்ணை அவள் மூலையில் எழுதவேண்டும். விபத்து என்றால் இரண்டு எண். எலும்பு முறிந்ததற்கு ஒன்று, எப்படி முறிந்தது என்பதற்கு ஒன்று. சைக்கிளில் லாரி மோதினால் ஒரு எண், மாடு மோதினால் ஒரு எண், சைக்கிள் தானாகச் சாய்ந்து விழுந்தால் வேறொரு எண். உலகம் முழுக்க ஒரே எண்தான், ஜப்பான்காரன் சைக்கிளிலிருந்து விழுந்தாலும் இதேதான் என்று எலும்பு டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார்.

அந்தப் புத்தகத்தில் அவருக்கு ஒரு குறை. சைக்கிளை மிதித்தவனுக்கும் பின்னால் கேரியரில் உட்கார்ந்தவனுக்கும் அது ஒரே எண்ணைத்தான் கொடுத்தது. சைக்கிள் மேல் இருந்தவர் என்றால் தீர்ந்தது, முன்னால் யார் பின்னால் யார் என்று அது கேட்பதில்லை. டாக்டருக்கோ கேரியர்க்காரர்கள்தான் கவலை. சக்கரத்துக் கம்பியில் குதிகால் மாட்டிக்கொண்டு தோல் உரிந்து வருகிறவர்கள், எதைப் பிடிப்பது என்று தெரியாமல் மல்லாந்து விழுந்து பின்மண்டை அடிபட்டு வருகிறவர்கள். அவர்களைத் தனியாகக் குறித்துவை, கேட்டுக் கேட்டு எழுது என்றார். அதனால் கமலவேணி கட்டில் கட்டிலாகப் போய், மிதித்தீர்களா, பின்னால் உட்கார்ந்தீர்களா, கூட யார் வந்தது என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

ஒருத்தரும் உண்மை சொல்லவில்லை. சைக்கிளில் டபுள்ஸ் போனால் போலீஸ் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. பஸ் ஸ்டாண்டு முக்கில் நிற்கிற போலீஸ்காரர் அபராதம் போடுவார், இல்லாவிட்டால் இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டு வால் டியூபைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஆஸ்பத்திரியில் சொன்னால் ஸ்டேஷனுக்குப் போய்விடும் என்று ஊர் முழுக்கப் பேச்சு. குதிகாலில் கம்பி வரிசை வரிசையாகக் கிழித்த தடத்தோடு ஒருத்தன் கிணற்றுப் படியில் வழுக்கினேன் என்பான். கேரியர் க்ளிப்பின் அச்சு தொடையில் அப்படியே பதிந்திருக்க, ஒரு பெரியவர் தன்னை ஆடு முட்டியதாகச் சொன்னார். ஆடா, கொம்பு இருந்ததா என்று கேட்டதற்கு, இருட்டில் சரியாகப் பார்க்கவில்லை என்றார். அவளுடைய ஷீட்டுகளை நம்பினால் ஆம்பூரில் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனவர் ஒருத்தரும் கிடையாது.

கன்னியப்பனும் அப்படித்தான் சொன்னான். மழை பெய்துகொண்டிருந்த சாயங்காலம். பதனிடாத பச்சைத் தோல் ஏற்றி வந்த லாரி கானாற்றுப் பாலத்தில் அவனை உரசிவிட்டு நிற்காமல் போயிருந்தது. கை முறிந்து, நெற்றி கிழிந்து, பாலத்துக் கைப்பிடிச் சுவரோரம் கிடந்தவனை யாரோ ஜட்கா வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். மறுநாள் காலையில் கமலவேணி கட்டிலருகே போய், தனியாகத்தான் வந்தீர்களா என்று கேட்டபோது அவன் வாயைத் திறந்தான். திறந்தபடியே இருந்தான். தலைமாட்டில் நின்ற அவன் பெண்சாதி கண்ணம்மாள்தான் முந்திக்கொண்டு, தனியாத்தான் அக்கா, அவரு டபுள்ஸே போகமாட்டாரு என்றாள். கன்னியப்பன் அவளைப் பார்த்தான். பிறகு ஆமாம், தனியாத்தான் என்றான்.

அந்த ஒரு சொல்லால் பாலத்துக்குக் கீழே யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கானாறு அன்றைக்கு இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது.

“போலீஸ்ல போய்ச் சொன்னீங்களா?” என்று கமலவேணி இப்போது குரலைத் தணித்துக் கேட்டாள்.

சொன்னானாம். சிரித்தார்களாம். உன்மேல டபுள்ஸ் கேசு நீயே எழுதிக்கிறியா, யாரு காணோம்னு யாராவது வந்து சொல்லட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்களாம். டேனரி டேனரியாகப் போய் கேட்டில் நின்று, வேலைக்கு வராமல் போனவர் யாராவது உண்டா என்று கேட்டானாம். யாரும் குறையவில்லையாம். தண்ணீர் வடிந்த பிறகு கானாற்றிலேயே இறங்கி, அது பாலாற்றில் போய் விழுகிற இடம் வரைக்கும் முள்ளையும் மணலையும் கிளறிப் பார்த்தானாம்.

“அப்புறம் என்ன அண்ணே? யாரும் காணாமப் போகலைன்னா யாரும் விழலைன்னுதானே அர்த்தம்? பாலம் வர்றதுக்கு முன்னாடியே இறங்கியிருப்பாங்க.”

“தட்டலையே சிஸ்டரம்மா.”

அவளுக்குப் புரியவில்லை. அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

டேனரியில் சங்கு ஊதினதும் ரோடு முழுக்க சைக்கிள்தான். சைக்கிள் இல்லாதவன் நடக்கமாட்டான். போகிற சைக்கிள் எதுவானாலும் பின்னாலேயே ஓடிவந்து கேரியரில் எகிறி உட்கார்ந்துகொள்வான். கேட்பது கிடையாது. மிதிக்கிறவனும் திரும்பிப் பார்ப்பது கிடையாது, அந்தக் கூட்டத்தில் திரும்பினால் முன்னால் போகிறவன்மேல் ஏற்றிவிடுவான். ஹேண்டில் ஒரு ஆட்டம் ஆடும். சரி, யாரோ ஏறிவிட்டான் என்று அழுத்தி மிதிப்பான். முகம் தெரியாது, பேர் தெரியாது. சில சமயம் பேச்சு இருக்கும், பல சமயம் அதுவும் இருக்காது. பஸ் ஸ்டாண்டு முக்கு வரும்போது பின்னால் இருக்கிறவன் தானாகவே குதித்து நல்லபிள்ளையாக நடந்து, போலீஸ்காரரைத் தாண்டினதும் இன்னொரு சைக்கிளில் எகிறிக்கொள்வான். எங்கே இறங்கினாலும் ஒரே ஒரு வழக்கம்தான். இறங்குமுன் சீட்டுக்கு அடியில் கையால் ரெண்டு தட்டு. நான் இறங்கிட்டேன், நீ போ என்று அர்த்தம். தட்டாமல் இறங்குகிறவன் கிடையாது. தட்டாவிட்டால் மிதிக்கிறவன் பின்னால் ஆள் இருக்கிறதாகவே நினைத்து மிதித்துக்கொண்டிருப்பானே.

“அன்னிக்குத் தட்டலை,” என்றான் கன்னியப்பன். “இன்னி வரைக்கும் தட்டலை.”

ஆம்பளையா பொம்பளையா என்று கமலவேணி கேட்டாள். கேள்வி காதில் விழாதவன் போலக் கழுத்துத் துண்டை இழுத்து முன்னால் சரிசெய்துகொண்டு, எழுதிடும்மா, எழுதினா யாராச்சும் தேடுவாங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எழுத முடியாது என்று அவளுக்குத் தெரியும். எண் கொடுக்க ஒரு உடம்பு வேண்டும். காயம் வேண்டும், கட்டில் வேண்டும். அவன் சொன்னதற்காக விபத்து நடந்த வாரத்து ஷீட்டுகளை எல்லாம் ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். கானாற்றுப் பாலத்தில் அடிபட்டவர் என்று அவற்றில் வேறு யாரும் இல்லை. டாக்டரிடம் சொன்னதற்கு, தலையில் அடிபட்டவர்களுக்கு இப்படி ஒரு நினைப்பு வரும், கொஞ்ச நாளில் போய்விடும் என்றார்.

போகவில்லை. மறுபடியும் வந்தான், அதற்கு அடுத்த வாரமும் வந்தான். சைக்கிளை ஸ்டேஷனிலிருந்து வாங்கிச் சரிசெய்திருந்தான். ஆனால் ஏறி மிதித்து வருவதில்லை, தள்ளிக்கொண்டுதான் வருவான். கேரியர்மேல் கோணிப்பையை மடித்து மடித்து மெத்தைபோல வைத்துக் கட்டியிருந்தது. எதற்கு என்று வாசலில் நிற்கிற வாட்ச்மேன் கேட்டதற்கு, வெறும் கம்பி குத்தும் இல்ல என்றானாம். மேடு பள்ளம் வந்தால் ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்க் கேரியரைத் தாங்கிக்கொள்வதையும், சைடு ஸ்டாண்டில் சாய்க்காமல் பெரிய ஸ்டாண்டில் நேராக நிறுத்துவதையும் கமலவேணி ஜன்னல் வழியாகவே பார்த்தாள்.

ஒரு மத்தியானம் அவள் டீ குடிக்க வெளியே வந்தபோது புங்கமரத்தடியில் சைக்கிளோடு நின்றிருந்தான். பெரிய ஸ்டாண்டு உடைந்துபோயிருந்தது. தண்ணீர்க் குழாய் வரைக்கும் போய் வருகிறேன், கொஞ்சம் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டான். அவளும் யோசிக்காமல் ஹேண்டிலை வாங்கிக்கொண்டாள். சின்ன வயசில் கேரியரில் லுங்கிக் கட்டு ஏற்றிய சைக்கிளைக் குடியாத்தம் தெருக்களில் தள்ளிப் பழகினவள். பின்னால் பாரம் இருந்தால் முன்சக்கரம் தரையைவிட்டு எப்படி இளகும், ஹேண்டில் கைக்குள் எப்படி லேசாகும் என்று அவள் உள்ளங்கைக்கு நன்றாகவே தெரியும்.

ஹேண்டில் லேசானது.

மடித்த கோணிக்கு அவ்வளவு பாரம் கிடையாது. கையில் தெரிந்தது லுங்கிக் கட்டளவு பெரிய பாரமும் இல்லை. காற்றில் புங்க இலைகள் புரண்டன. நன்றாக வெயில் அடிக்கிறது, வாசலில் இளநீர்க்காரன் யாரோடோ வாய்ச்சண்டை போடுகிறான், நடுப்பகலில் இதென்ன நினைப்பு என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் தீர்ந்துபோகும். அவள் திரும்பவில்லை. சைக்கிளை ஒரு விரற்கடைகூடச் சாயவிடாமல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் வாயைத் துடைத்தபடி வருகிற வரைக்கும் அப்படியே நின்றாள். அவன் வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். வாங்கி வைத்த டீ ஆடை படிந்து கிடந்தது.

கண்ணம்மாள் தனியாக வந்தது அதற்குப் பிறகுதான். வெளிநோயாளிகள் எல்லாரும் போன நேரம் பார்த்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ரெக்கார்டு ரூமுக்குள் நுழைந்தாள். ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற கம்பெனியில் வேலை அவளுக்கு. விரல் நுனியெல்லாம் கறுப்பாக இருந்தது.

“அக்கா, நீங்கதான் ஒரு வழி பண்ணணும். எங்கூட்டுக்காரரோட பேஜாரு தாங்கலை.”

வேலைக்குப் போகிறதில்லையாம். மேஸ்திரி இந்த வாரம் வரைக்கும்தான் பார்ப்பேன், அப்புறம் தொட்டிக்கு வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்வதில்லையாம். மல்லாந்து படுப்பதில்லை, குப்புறவும் இல்லாமல் ஒருக்களித்து, பின்னால் இடம் விட்டுத்தான் படுக்கிறானாம். நான் அந்தப் பக்கம் போய்ப் படுத்தா எழுந்து உட்கார்ந்துக்கிறாரு அக்கா, இருபது வருஷமா கூட வாழ்ந்த பொம்பளைக்கு அந்த இடம் இல்லை என்றாள்.

“சட்டை போடச் சொல்லக் கூடாதா? பனியில வெறும் உடம்போட வர்றாரே.”

“போட்டாத்தானே. அன்னிக்குப் போட்டிருந்த சட்டையை அலசி எடுத்து வெச்சேன். பின்பக்கம் கீழே கசங்கிச் சுருங்கிப் போயிருக்கு. எத்தனை தோய்ச்சும் போகலை, தெருமுனையில குடுத்து இஸ்திரி போட்டும் போகலை. அவரே எடுத்து ஒளிச்சு வெச்சுக்கினாரு. வேற சட்டை குடுத்தாலும் வேணாம்ங்கறாரு. ஊரே செருப்பு தைக்குது அக்கா, ஆத்துல அத்தனை தூரம் தேடினாரே, ஒத்தைச் செருப்பாவது கிடைச்சுதா? யாரும் விழலை. மண்டையில அடிபட்டதுல வந்தது இது. அன்னிக்கு நான்தான் முந்திக்கினு தனியான்னு சொன்னேன். அதுக்குன்னு என்னை இப்பிடி வாட்டணுமா?”

அழவில்லை அவள். கோபமாகத்தான் இருந்தாள். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள். ஷபீ அஹமது என்று கன்னியப்பனுக்கு ஒரு தோஸ்து. அதே டேனரியில் தோலுக்கு எண்ணெய் போடுகிறவர். பல நாள் அவன் கேரியரில்தான் வீடு போவார். அவரிடம் பேசிவிட்டாளாம். அன்றைக்கு உட்கார்ந்திருந்தது நான்தான், பாலத்துக்கு முன்னாலேயே இறங்கிட்டேன் என்று பாய் சொல்லிவிடுவார். வீட்டில் சொன்னால் நம்பமாட்டான். இங்கே, இந்த மேஜைக்கு முன்னால் சொல்லி, சிஸ்டரம்மா கையால் அதை எழுதிக்கொண்டால் நம்புவான்.

“பொய்யை எழுதச் சொல்றியா?”

“எல்லாரும் பொய்யைத்தானே அக்கா இங்க எழுதிக்கினு போறாங்க? ஒரு மனுஷன் பொழைக்கிறதுக்கு ஒண்ணு எழுதக்கூடாதா?”

முடியாது என்று சொல்லத்தான் கமலவேணி வாயெடுத்தாள். புங்கமரத்தடியில் கை லேசானது ஞாபகம் வந்தது. அது தீர்ந்தால் போதும் என்று அவளுக்கும் இருந்தது. யார் பொருட்டு என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் கூட்டிக்கொண்டு வா என்றாள்.

வியாழக்கிழமை மூவரும் வந்தார்கள். கன்னியப்பன் சைக்கிளை ஜன்னலுக்கு நேரே, கண்ணில் படுகிற மாதிரி மரத்தில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு உள்ளே வந்தான். கையில் ஒரு மஞ்சள் பை. நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தான், முதுகு சாயாமல். ஷபீ அஹமது உயரமான, எலும்பு தெரிகிற மனிதர். தாடியில் நரை விழுந்திருந்தது. தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

நன்றாகச் சொன்னார். ஒத்திகை பார்த்தவர்போல இல்லை, நடந்ததைச் சொல்கிறவர்போலத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். சங்கு ஊதினதும் மழை பிடித்துக்கொண்டது, உன் சைக்கிள் மாதிரி தெரிந்தது, எகிறி உட்கார்ந்தேன். மசூதிச் சந்துக்கிட்ட பீடி வாங்கணும்னு இறங்கிட்டேன். தட்டினேன். மழை சத்தத்துல உனக்குத் தெரியலை. மறுநாள் உனக்கு அடிபட்டதுன்னு கேட்டதும் பயந்துட்டேன், டபுள்ஸ் கேசுல என்னையும் இழுப்பாங்கன்னு வாயை மூடிக்கினு இருந்தேன். மன்னிச்சுடு என்றார். இது மட்டும் மெய்யாகவே கேட்டதுபோல இருந்தது.

கன்னியப்பன் குறுக்கே பேசாமல் கேட்டான். வழக்கமாக அந்த ஜன்னலில் அவனும் கமலவேணியும் ஒருத்தர் பேச்சில் ஒருத்தர் குறுக்கிட்டுப் பேசித்தான் பழக்கம். இன்றைக்கு அறையே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“நீதானா ஷபீ?”

“நான்தான்ப்பா.”

“மசூதிச் சந்துல இறங்கிட்டே?”

“இறங்கிட்டேன்னு சொல்றேன் இல்ல? இதோ பாரு, முழுசா உக்காந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலை.”

“எதைப் புடிச்சுக்கினு உக்காந்திருந்தே?”

ஷபீ அஹமது கண்ணம்மாளைப் பார்க்கப் போய், பார்க்காமல் நிறுத்திக்கொண்டார். “எப்பவும் போலத்தான். சீட்டுக்குக் கீழ கம்பியை.”

கன்னியப்பன் மெதுவாகத் தலையாட்டினான். ஆமாம், நீ எப்பவும் சீட்டுக் கம்பியைத்தான் புடிப்பே என்றான். பிறகு சிரித்தான். இத்தனை நாளில் அவன் சிரித்துக் கமலவேணி பார்த்தது அதுதான் முதல். கண்ணம்மாள் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாய்க்கு ஒரு டீ சொல்லட்டுமா என்று கேட்டாள். ஷபீ அஹமது தொப்பியைத் திரும்பத் திரும்ப விரித்து மடித்தார்.

எழுதிக்கம்மா என்றான் கன்னியப்பன்.

கமலவேணி அவனுடைய ஷீட்டை எடுத்து வைத்திருந்தாள். மூலையில் அவள் முன்பு எழுதிய எண் அப்படியே இருந்தது. அதை மாற்றவேண்டியதில்லை, ஒருத்தரானாலும் இரண்டு பேரானாலும் புத்தகத்துக்கு அது ஒன்றுதான். அதற்குக் கீழே, அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும் என்று பெரிதாக எழுதினாள். பின்னால் இருந்தவர் பெயர் ஷபீ அஹமது. பாலத்துக்கு முன்பே இறங்கிவிட்டார். காயம் இல்லை. ஷீட்டை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். உதடு அசைய ஒவ்வொரு சொல்லாக அவன் படித்தான். காயம் இல்லை என்ற இடத்தில் விரலை வைத்தான்.

“அப்ப நாளைக்கு வேலைக்குப் போறீங்கதானே?” என்றாள் கண்ணம்மாள் தரையிலிருந்து.

போறேன் என்றான். மேஸ்திரிகிட்ட சொல்லிடு ஷபீ என்றான். பிறகு எழுந்து நின்று மஞ்சள் பையிலிருந்து சட்டையை எடுத்தான். வெள்ளையில் நீலக் கோடு போட்ட அரைக்கைச் சட்டை. தோய்த்துத் தோய்த்துக் கோடு மங்கியிருந்தது. கிழிந்த தோள்பட்டையைக் கண்ணம்மாள் ஷூ தைக்கிற நூலால் தைத்திருந்தாள். அவன் துண்டை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, முறிந்து கூடிய கையை முதலில் விட்டு, மற்றக் கையை விட்டு, நிதானமாகப் பொத்தான் போட்டுக்கொண்டான். கண்ணம்மாளின் முகம் மலர்ந்தது. பாருங்க அக்கா, சட்டை போட்டுக்கினாரு என்றாள்.

கன்னியப்பன் திரும்பி, மூவருக்கும் முதுகைக் காட்டி நின்றான்.

சட்டை முழுக்க இஸ்திரி மடிப்புக் கத்திபோல நின்றது. இடது பக்கம், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே மட்டும் துணி ஒரு இடத்தில் குவிந்து, சுருக்கம் சுருக்கமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. இறுக்கிப் பிடித்துக் கசக்கிய இடம். பெரியவர்கள் கை பிடித்தால் அது அத்தனை சிறிசாக இருக்காது. ஒரு எலுமிச்சம்பழம் அடங்குகிற இடம்தான். ஷபீ அஹமதின் மடியிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் மரத்தோடு நேராக நின்றது. கன்னியப்பன் அதைப் பார்த்தபடியே, திரும்பாமல், குரலை உயர்த்தாமல் கேட்டான்:

“இதைப் புடிச்சுக்கினு பாலம் வர்ற வரைக்கும் என் கூடவே வந்துச்சே ஒரு சின்னக் கை, அதை இன்னான்னு எழுதுவே சிஸ்டரம்மா?”